குடியிருந்துகொண்டே கொத்து வேலை!

(பட்டிமன்றத் தலைப்பு: பழைய வீட்டைப் புதுப்பிக்க ஏற்ற வழி, வெளியேறிப் போய்ச் செய்வதா? குடியிருந்துகொண்டே செய்வதா? – ‘குடியிருந்துகொண்டே’ என்ற அணியின் நிறைவுப் பேச்சு)



நடுவர் அவர்களே, எனக்கு முன்னாலே பேசிய எதிரணித் தம்பி ஒரு பெரிய குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ‘வீடு’ என்ற சொல்லே ‘விடு’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆகவே கொத்தனார் உள்ளே வந்தால் வீட்டை விடு என்று தமிழே சொல்லுகிறது என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நான் தமிழாசிரியன். சும்மா விடமுடியுமா? விடு என்பதிலிருந்து வீடு வந்தது உண்மைதான் தம்பி. ஆனால் எதை விடுவது? ஆபீசிலே பட்டது, பஸ்ஸிலே பட்டது, ரேஷன் கடை வரிசையிலே பட்டது, அத்தனையையும் வெளியே விட்டுவிட்டு வந்து உட்காருகிற இடம் வீடு. அந்த வீட்டையே விட்டுவிட்டால் அதற்குப் பெயர் வீடு இல்லை அய்யா, சந்நியாசம்! (சிரிப்பு, கைதட்டல்)

இன்னொரு சொல் இருக்கிறது. ‘அகம்’. அகம் என்றால் வீடு. அகம் என்றால் மனசு. இரண்டுக்கும் தமிழன் ஒரே சொல்லை வைத்தான். மனசிலே கோளாறு என்றால் மனசைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ‘சரி பண்ணி வையுங்கள், மூன்று மாதம் கழித்து வந்து வாங்கிக்கொள்கிறேன்’ என்று போக முடியுமா? அதை உள்ளே வைத்துக்கொண்டேதான் சரி பண்ணியாக வேண்டும்.

சரி, சொல் விளையாட்டை விடுவோம். எந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறோம்? அதை முதலிலே தெளிவுபடுத்திக் கொள்வோம். நேற்றுக் கட்டின அடுக்குமாடி வீட்டைப் பற்றி அல்ல. தாத்தா கட்டினது, அப்பா வெள்ளையடித்தது, நாம் பிறந்தது, அந்த வீடு. சுண்ணாம்புக் காரையிலே எழுப்பின கனமான சுவர். மேலே தேக்கு உத்தரம், அதற்கு மேலே செங்கல்லை நட்டமாக நிறுத்தி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்து, மேலே தட்டோடு பதித்த கூரை. மெட்ராஸ் டெரஸ் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலே பட்டாசல், அரங்கு, அடுக்களை, புறவாசல் என்று இருக்கும். இன்றைக்கு அங்கே மழை பெய்தால் வெளியே நாலு சொட்டு, உள்ளே எட்டுச் சொட்டு. (சிரிப்பு) குழாய் துருப்பிடித்திருக்கிறது. மின்சார வயர் தாத்தா காலத்தது. சரி பண்ணித்தான் ஆக வேண்டும். அதிலே நமக்குள்ளே தகராறு இல்லை.

எதிரணி என்ன சொல்லுகிறது? ‘நாலு மாதம் வாடகை வீட்டுக்குப் போ’ என்கிறது. போகலாம் அய்யா. நாலு மாதத்துக்கு மட்டும் வீடு கொடுக்கிற மகராசன் எந்த ஊரிலே இருக்கிறார்? பதினோரு மாத ஒப்பந்தப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். முன்பணம் கேட்கிறார்கள். பிறகு, ‘எத்தனை பேரு?’ என்கிறார்கள். ‘வயசான அம்மா இருக்காங்க’ என்று சொன்னால், மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘யோசிச்சுச் சொல்றோம்’ என்கிறார்கள். வாடகை ஒரு பக்கம், சாமான் ஏற்றி இறக்குகிற செலவு இரண்டு தடவை, வீடு கட்ட வாங்கின கடனுக்கு மாதத் தவணை இன்னொரு பக்கம். நடுத்தரக் குடும்பம் எந்தப் பக்கம் சாய்வது?

குடியிருந்துகொண்டே செய்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. வருங்கால வைப்பு நிதியிலே முன்பணம் வந்ததும் கூரை. பொங்கல் போனஸ் வந்ததும் குளியலறை. சீட்டுப் பணம் விழுந்ததும் அடுக்களை. ‘மூன்று மாத வேலை எட்டு மாதம் இழுக்குமே’ என்றார் எதிரணியிலே ஒரு நண்பர். இழுக்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று மாதத்திலே முடித்துவிட்டு எட்டு வருஷம் கடனை அடைப்பதற்கு, எட்டு மாதம் தூசியைத் துடைத்துவிட்டுக் கடன் இல்லாமல் தூங்குவது மேல். இல்லையா அம்மா? (கைதட்டல்)

தூசி என்றதும் ஞாபகம் வருகிறது. எதிரணிச் சகோதரி தூசியைப் பற்றியே பத்து நிமிஷம் பேசினார்கள். அவர்கள் பேசும்போது எனக்கே தும்மல் வந்துவிட்டது. (சிரிப்பு) அம்மா, தூசி வரும்தான். ஆனால் வீடு முழுவதையும் ஒரே நாளிலே உடைத்துப் போட்டால்தான் தூசி நம்மை ஆளும். ஓர் அறையை உடைத்தால் தூசியை நாம் ஆளலாம்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. வீட்டிலே ஓர் அறையை ஒதுக்குங்கள். அந்த அறையிலே கடைசி வரைக்கும் சுத்தியல் சத்தமே கேட்கக் கூடாது. படுக்கை, மருந்து, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் அங்கே. வேலை நடக்கிற அறையின் வாசலிலே தார்ப்பாயை மேலும் கீழும் இழுத்துக் கட்டி, அதன் முன்னால் பழைய புடவையை நனைத்துத் தொங்கவிடுங்கள். வாசலிலே ஈரச்சாக்கு போடுங்கள்; வருகிறவர் போகிறவர் கால் அதிலே படட்டும். இடிக்கும்போது சுவரிலே தண்ணீர் தெளித்துவிட்டு இடிக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் கூட்டும்போதும் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டுங்கள். முடிந்தால் ஜன்னல் வழியாகவே இடிபாட்டை வெளியே எடுங்கள்; நடுவீடு வழியாகக் கொண்டுபோக வேண்டாம்.

வரிசையும் முக்கியம். மேலிருந்து கீழே வர வேண்டும். முதலிலே கூரை. எங்கள் பக்கத்திலே ஐப்பசி, கார்த்திகையிலே மழை பிடித்துவிடும். ஆகவே மாசி, பங்குனியிலேயே கூரையிலே கை வைத்துவிட வேண்டும். கூரை ஒழுகுவதை விட்டுவிட்டுத் தரைக்குப் பளிங்கு போடுகிறவன், தலையிலே காயத்தை வைத்துக்கொண்டு காலுக்கு மருதாணி போடுகிறவன்! (சிரிப்பு) கூரைக்கு அடுத்து ஒவ்வோர் அறையாக வாருங்கள். அறைக்குள்ளே முதலிலே தண்ணீர்க் குழாய், மின்சாரக் குழாய். பிறகு பூச்சு. பிறகு தரை. கடைசியிலே வண்ணம். சுவரைப் பூசி மூடுவதற்கு முன்னாலே, குழாயும் வயரும் எந்த வழியாகப் போகிறது என்று உங்கள் செல்போனிலே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உங்களைக் காப்பாற்றும். ஒரு வீட்டிலே இரண்டு கழிப்பறை இருந்தால் இரண்டையும் ஒரே சமயத்திலே உடைக்காதீர்கள். ஏன் என்று நான் மேடையிலே விளக்க வேண்டியதில்லை. (பலத்த சிரிப்பு)

‘ஆபத்து இல்லையா?’ என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. விளையாட்டாகப் பதில் சொல்லமாட்டேன். இருக்கிறது. அதனாலே செய்ய வேண்டியதை முதலிலேயே செய்ய வேண்டும். பழைய வீட்டு மின்சார வயரிலே பல இடத்திலே எர்த் இருக்காது. ஈரச் சுவர், உடைந்த சுவிட்சு, நடமாடுகிற பிள்ளைகள். ஆகவே முதல் சுத்தியல் விழுவதற்கு முன்னாலே, எர்த்தைச் சரி பார்த்து, மின்சாரம் கசிந்தால் தானே அணைந்துவிடுகிற ஆர்.சி.சி.பி. என்ற கருவியை மீட்டர் பக்கத்திலே மாட்டச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் அளவிலே கேளுங்கள். அது உயிர் காக்கிற கருவி.

அடுத்தது பெயிண்ட். வீட்டுப் பெயிண்டிலே ஈயம் 10 லட்சத்துக்கு 90 பங்குக்கு மேலே இருக்கக் கூடாது என்று நம் நாட்டிலே விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரிலேதான். அதற்கு முன்னாலே அடித்த கதவு ஜன்னல் பெயிண்டிலே ஈயம் இருக்கலாம். அதைக் காயவிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். ஈரப்படுத்திச் சுரண்ட வேண்டும். அந்த இரண்டு நாள் மட்டும் கர்ப்பிணியும் கைக்குழந்தையும் பாட்டி வீட்டுக்குப் போகட்டும். இதை நான் மறுக்கவில்லை.

இன்னொன்று. பழைய வீட்டிலே சுவர்தான் தூண். கூரையின் பாரம் முழுக்கச் சுவரிலே இருக்கிறது. ‘ஹால் பெரிசா இருந்தா நல்லா இருக்குமே’ என்று நடுச்சுவரை எடுக்கச் சொல்லாதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் பொறியாளர் வந்து பார்க்கட்டும். அவர், ‘உத்தரம் உளுத்துவிட்டது, கூரை இறங்குகிறது, வெளியே போங்கள்’ என்றால், ஒரு நிமிஷம் தாமதிக்காமல் வெளியே போங்கள். உயிருக்கு மேலே எந்த அணியும் இல்லை, எந்தப் பட்டிமன்றமும் இல்லை. (கைதட்டல்)

ஆனால் நடுவர் அவர்களே, அந்த விதிவிலக்கையே விதியாக்கப் பார்க்கிறார் எதிரணி அணித்தலைவர். அமெரிக்காவுக்கே போய்விட்டார்! ‘அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமனே வெள்ளை மாளிகையை விட்டு வெளியே போய்த்தானே புதுப்பித்தார்?’ என்று கேட்டார். போனார். 1948 நவம்பரிலே எதிர்ப்புறம் இருந்த பிளேர் மாளிகைக்குப் போனார். 1952 மார்ச்சிலேதான் திரும்பினார். ஏன் போனார் என்பதை மட்டும் தலைவர் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த வருஷம் அவருடைய மகளின் பியானோவின் கால் தரையைப் பொத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது! வெளிச்சுவரை மட்டும் நிறுத்திவைத்து, உள்ளே இருந்ததையெல்லாம் வாரிப் போட்டுவிட்டு, எஃகுச் சட்டம் நிறுத்தி, புதிதாகக் கட்டினார்கள். அது புதுப்பித்தல் இல்லை அய்யா, மறுபிறவி! நாம் பேசுவது காய்ச்சலுக்கு. நீங்கள் காட்டுவது தலைமாற்று அறுவைக்கு! (சிரிப்பு, கைதட்டல்)

நீங்கள் அமெரிக்கா போனால் நான் லண்டன் போகக் கூடாதா? பக்கிங்காம் அரண்மனை. 775 அறைகள். பழைய வயர், பழைய குழாய், பழைய கொதிகலன் எல்லாவற்றையும் மாற்ற 2017-லே பத்து வருஷத் திட்டம் போட்டார்கள். 36 கோடியே 90 லட்சம் பவுன் செலவு. அரண்மனையைப் பூட்டிவிட்டா செய்தார்கள்? இல்லை. பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பக்கம் வேலை, இன்னொரு பக்கம் விருந்து என்று நடத்தினார்கள். 775 அறை இருக்கிறவர்களே பகுதி பகுதியாகச் செய்தார்கள் என்றால், நாலு அறை இருக்கிற நமக்கு என்ன வந்தது?

சரி, லண்டனும் வேண்டாம், வாஷிங்டனும் வேண்டாம். நம் ஊருக்கு வாருங்கள். நம் கோயிலுக்கு வாருங்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு செய்வது நம் வழக்கம். அதற்கு முன்னால் திருப்பணி நடக்கிறது. கோபுரத்திலே சாரம். பிராகாரத்திலே மணல். அப்போது சாமியை என்ன செய்தார்கள் நம் முன்னோர்கள்? ‘அடுத்த ஊர்க் கோயிலிலே நாலு மாதம் தங்கியிருங்கள்’ என்று அனுப்பி வைத்தார்களா? பாலாலயம் செய்தார்கள். சாமியின் சக்தியைக் கும்பத்திலே எழுந்தருளச் செய்து, அந்தக் கோயிலுக்குள்ளேயே ஒரு சின்ன இடத்திலே வைத்து, அங்கே பூசை நடத்தினார்கள். தமிழிலே அதற்கு இளங்கோயில் என்று எவ்வளவு அழகான பெயர்! திருமீயச்சூரிலே இளங்கோயில் என்றே ஒரு தலம் தேவாரப் பாடல் பெற்றிருக்கிறது.

எதிரணித் தம்பி உடனே எழுந்திருக்கிறார். ‘கருவறையை விட்டு வெளியே வந்ததா இல்லையா?’ என்கிறார். வந்தது தம்பி! கருவறையை விட்டுத்தான் வந்தது. கோயிலை விட்டு வந்ததா? அறையை விட்டு அறைக்கு வந்தது. அதைத்தானே நானும் சொல்லுகிறேன்! திருப்பணி நடக்கிற நாளிலும் விளக்கு எரிந்தது. நைவேத்தியம் நடந்தது. சாமியே இடித்த கோயிலுக்குள்ளே இருந்துகொண்டு புதுப்பிக்கச் சம்மதித்தார் என்றால், ஆசாமி எதற்கய்யா ஓட வேண்டும்? (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, இதுவரைக்கும் சொன்னது பதில். இனிமேல் சொல்லப் போவதுதான் என் கட்சி.

எங்கள் தெருவிலே ஒரு நண்பர். ஐந்து அறை வீடு. பழைய சுண்ணாம்புச் சுவர். எதிரணி சொல்லுகிற மாதிரியே சாவியைக் கொடுத்துவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று மாதத்திலே திரும்பி வந்தார். வீடு பளபள என்று இருந்தது. ஐந்து அறையிலும் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு, சிமெண்டுப் பூச்சு பூசியிருந்தார்கள். ஐப்பசி மழை வந்தது. தை பிறந்தபோது ஐந்து அறையிலும் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்து உதிர்ந்தது.

ஏன்? பழைய சுவருக்கு அடியிலே ஈரத்தைத் தடுக்கிற பட்டை பெரும்பாலும் இருக்காது. தரையிலிருந்து ஈரம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை மூச்சாக வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் மூக்கைப் பொத்தின மாதிரி. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே மேலே ஏறும்; உப்பையும் கூட இழுத்துக்கொண்டு ஏறும்.

எங்கள் வீட்டுக்கு வந்த கொத்தனார் எழுபது வயசுக்காரர். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர். ‘எல்லா அறையும் எப்ப முடியும்?’ என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: “அய்யா, அவசரப்படாதீங்க. ஒரு ரூம் பூசுவோம். ஒரு மழை பாப்போம். செவரு என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு அடுத்த ரூமுக்குப் போவோம்.” நான் முனைவர் பட்டம் வாங்கினவன். அந்த ஒரு வரிக்கு நான் அவரை வணங்குகிறேன். ஒரு அறை, ஒரு மழை! சுவர் சொல்லுவதைக் கேட்பதற்கு வீட்டிலே ஆள் இருக்க வேண்டாமா? வெளியே போனவர் வீட்டிலே சுவர் யாரிடம் பேசும்? (கைதட்டல்)

இன்னொன்று பாருங்கள். சிமெண்டுப் பூச்சோ காங்கிரீட்டோ, அதற்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும். கலப்புச் சிமெண்டு என்றால் பத்து நாள். காய்ந்துவிட்டால் வலு வராது, வெடித்துவிடும். கொத்தனாருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. சிமெண்டுக்கு லீவு உண்டா? ஞாயிற்றுக்கிழமை காலையிலே குவளையை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் விடுகிறவர் யார்? அந்த வீட்டிலே இருக்கிறவர். சங்க இலக்கியத்திலே நெடுநல்வாடை படித்தவர்களுக்குத் தெரியும். பாண்டியனுக்கு அரண்மனை கட்டும்போது நடுப்பகலிலே கோல் நட்டு, நிழல் பார்த்து, திசை குறித்து, நூல் பிடித்தார்கள் என்று வருகிறது. வெயில் எங்கே விழுகிறது என்று அந்த இடத்திலே நின்று பார்த்தார்கள். எந்தச் சுவரிலே நாலு மணி வெயில் அடிக்கிறது, எந்த ஜன்னல் வழியாக மழைச் சாரல் வருகிறது, இதெல்லாம் வரைபடத்திலே இருக்காது. குடியிருக்கிறவர் உடம்பிலே இருக்கும்.

எதிரணிச் சகோதரி, ‘அடுக்களையை உடைத்தால் புருஷன் பெண்டாட்டிச் சண்டை வரும்’ என்றார்கள். எங்கள் வீட்டிலே அடுக்களை வேலை நடந்தபோது 21 நாள் புறவாசலிலே சமையல். என் துணைவியார் அங்கே நின்று தோசை சுட, நான் சட்னியைத் தூக்கிக்கொண்டு ஓட, வேலைக்காரர்களுக்குப் பதினொரு மணிக்கு டீ, நாலு மணிக்கு டீ. சண்டை வந்தது. மறைக்க மாட்டேன். ஆனால் மேடை கட்டுகிற அன்றைக்குக் கொத்தனார், ‘எல்லா வீட்டுக்கும் வைக்கிற உயரம்தான்’ என்று கோடு போட்டபோது, என் துணைவியார் போய் அந்தக் கோட்டுக்கு முன்னாலே நின்று, கையிலே தோசைத் திருப்பியைப் பிடித்துக் காட்டினார்கள். தோள் தூக்கிக்கொண்டு நின்றது. கோடு இரண்டு அங்குலம் கீழே இறங்கியது. இரண்டு அங்குலம்தான். தினமும் மூன்று வேளை, இனி எத்தனை வருஷம்! அந்தத் தோள் வலியை வாடகை வீட்டிலே உட்கார்ந்துகொண்டு போனிலே சொல்லியிருக்க முடியுமா? (தாய்மார்கள் பகுதியிலிருந்து கைதட்டல்)

கடைசியாக ஒன்று. இதை நான் வாதத்துக்காகச் சொல்லவில்லை.

எங்கள் அம்மாவுக்கு அப்போது 81 வயசு. கண்ணிலே நீர் அழுத்த நோய் வந்து பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. அந்த நோயிலே போன பார்வை திரும்பாது. ஆனால் எங்கள் அம்மா வீட்டுக்குள்ளே நடப்பதைப் பார்த்தால் புதிதாக வருகிறவர்களுக்குச் சந்தேகமே வராது. பட்டாசல் தூணைத் தொட்டால் அடுக்களைக்கு 11 எட்டு. அரங்கு நிலைப்படியிலே ஒரு தேய்ந்த பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்திலே கால் பட்டால் வலதுகைப் பக்கம் தண்ணீர்ப் பானை. அந்த வீட்டை அவர்கள் காலாலேயும் கையாலேயும் படித்து வைத்திருந்தார்கள்.

வேலை தொடங்க வேண்டும் என்றபோது உறவினர்கள் எல்லோரும், ‘நாலு மாதம் வேறு வீட்டுக்குப் போயிருவோம்’ என்றுதான் சொன்னார்கள். அம்மாவிடம் கேட்டோம். அவர்கள் அழவில்லை, சண்டை போடவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னார்கள்: “எய்யா, அங்க போனா நான் குருடி. இங்க எனக்குக் கண்ணு தெரியும்.” (அரங்கத்தில் அமைதி)

நடுவர் அவர்களே, அதற்கு மேலே பேச்சு ஏது? ஒவ்வோர் அறையாகச் செய்தோம். வேலைக்காரர்கள் போன பிறகு தினமும் சாயங்காலம் என் துணைவியார் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு மாறினதை எல்லாம் தொட்டுக் காட்டுவார்கள். “அத்தே, இந்த நிலைப்படிய எடுத்தாச்சு, இனி காலைத் தூக்க வேண்டாம். இதுதான் புது சுவிட்சு.” அம்மா தடவிப் பார்த்துத் தலையை ஆட்டுவார்கள். ஓர் அறையைப் பாடம் பண்ணி முடித்த பிறகுதான் அடுத்த அறையிலே சுத்தியல் விழும்.

குளியலறைக்குத் தரை போட்டார்கள். வழுக்காத ஓடு. எங்கள் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மறுநாள் அம்மா உள்ளே போய்க் காலாலே தடவிப் பார்த்துவிட்டு, “கொத்தனாரே, இந்த மூலையில தண்ணி நிக்கு பாருங்க” என்றார்கள். கொத்தனார் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். அந்த மூலையிலே போய்த் தேங்கியது. அப்போதே நாலு ஓட்டைப் பெயர்த்துச் சரிவைச் சரி பண்ணினார். கண் இருக்கிற நாங்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தோம்!

பிடித்துக்கொள்ளச் சுவரிலே கம்பி பதிக்க வேண்டும். எவ்வளவு உயரம்? கொத்தனார் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டார். “அம்மா, நீங்க எந்திரிக்கும்போது கை எங்க போகுதோ அங்க வைங்க” என்றார். அம்மா முக்காலியிலே உட்கார்ந்து எழுந்தார்கள். கை சுவரிலே போய்த் தானாக ஓர் இடத்திலே நின்றது. அந்தக் கைக்குக் கீழே பென்சிலாலே கோடு போட்டார். அந்தக் கோட்டிலேதான் கம்பி.

பெரியோர்களே, வீட்டைப் புதுப்பிப்பது யாருக்காக? சுவருக்காகவா? வந்து பார்த்து ‘பிரமாதம்’ என்று சொல்லிவிட்டுப் போகிற விருந்தாளிக்காகவா? அங்கே வாழப் போகிறவர்களுக்காக. அவர்களை வெளியே அனுப்பிவிட்டுச் செய்தால் வீடு புதிதாகும். அந்த வீட்டுக்கு அவர்கள் அன்னியராகிவிடுவார்கள். ஊர் ஊராக எத்தனை பெரியவர்கள், ‘வீடு வேலை முடியிற வரைக்கும்’ என்று மூத்த மகள் வீட்டுக்கும் இளைய மகன் வீட்டுக்கும் பையோடு அனுப்பப்பட்டிருக்கிறார்கள்? வேலை முடிந்து வந்து பார்த்தால் அவர்கள் கட்டில் கிடந்த இடத்திலே கண்ணாடி அலமாரி நிற்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஆள் இல்லாத வீட்டிலே அவர்களுக்கு இடம் ஒதுக்க யாருக்கும் ஞாபகம் வருவதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே நடுவர் அவர்களே, கூரை இறங்குகிற வீடாக இருந்தால் வெளியே போங்கள் என்று நானே சொல்லிவிட்டேன். மற்ற வீடுகளுக்கு, ஒரு அறை, ஒரு மழை என்று பொறுமையாக, குடியிருந்துகொண்டே செய்வதுதான் காசுக்கும் நல்லது, கட்டடத்துக்கும் நல்லது, குடும்பத்துக்கும் நல்லது. உடம்புக்கு நோய் வந்தால் வைத்தியம் பார்க்கிறோம். அப்போது உயிர், ‘நீங்கள் சரி பண்ணி முடியுங்கள், நான் வெளியே காத்திருக்கிறேன்’ என்று போகிறதா? போனால் திரும்பி வருமா? (சிரிப்பு, பலத்த கைதட்டல்) வீட்டுக்கு உயிர், அங்கே குடியிருக்கிறவர்கள்!

உயிரோடு வைத்தியம் பார்க்கச் சொல்லுகிற எங்கள் அணிக்கே நல்ல தீர்ப்பைத் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.